கிராம் கணக்கு விமானி

தேனியிலிருந்து கூடலூருக்குப் பஸ்ஸில் போனால், வழியில் எங்கேனும் இவர் ஏறுவார். தோளில் ஆளுயரத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி. கண்டக்டர் லக்கேஜ் போடச் சொன்னால், "வெயிட்டே இல்லண்ணே, எண்ணூறு கிராம்தான்" என்பார். கண்டக்டருக்குப் பெட்டியின் நீளம் பிரச்சினை. இவருக்கு இந்த உலகத்தில் எடையைத் தவிர வேறு பிரச்சினையே கிடையாது.

பெட்டிக்குள் இருப்பது சோலார் விமானம். தெர்மாகோலும் பால்சா கட்டையும் சேர்ந்த இறக்கை. அதன் முதுகில் இருபது சூரியத் தகடுகள். ஒரு தகடு அரை வோல்ட், உச்சி வெயிலில் மூன்று வாட், விரல் பட்டால் அப்பளம். இருபது மூன்று அறுபது வாட் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருப்பார். தகடு சூடேறினால் மின்சாரம் குறையும், ஒரு தகட்டில் நிழல் விழுந்தால் வரிசையே சோர்ந்துபோகும் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். அவற்றை வேறு நோட்டில் எழுதியிருக்கிறார்.

வீட்டில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு, போடி ஏலக்காய்க் கடையில் இரவல் வாங்கியது. பசை, ஒயர், பெயின்ட் எல்லாம் அதில் ஏறி, ஏலக்காய் வாசத்தோடு இறங்கும். சக்கரம் கனம் என்று கழற்றிவிட்டார். அதனால் மாப்பிள்ளைதான் விமானத்தைக் கையால் வீசவேண்டும். சந்தனம் குங்குமம் வைக்க வரும் அம்மாவிடம், "ரெண்டு கிராம்மா!" என்று அலறுவார். "பொட்டை விடு. சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எதுக்கு அடியில வைக்கிறது?" என்று அம்மா கேட்பதற்கு எந்த நோட்டிலும் பதில் இல்லை.

வரலாறு மட்டும் விரல்நுனியில் இருக்கும். 1974 நவம்பர் 4 அன்று கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகையில், சன்ரைஸ் என்ற ஆளில்லாச் சோலார் விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதை முன்னுதாரணமாக வைத்துத்தான் இவரும் வற்றிய கண்மாயில் நிற்கிறார். 2015 மார்ச்சில் சோலார் இம்பல்ஸ் 2 உலகம் சுற்றும் வழியில் அகமதாபாத்தில் இறங்கியதே, 72 மீட்டர் இறக்கை, 17,248 தகடுகள், 2,300 கிலோ? "கொஞ்சம் எடையைக் குறைச்சிருக்கலாம்" என்பார். 2024இல் பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகத்தின் 23 கிலோ விமானம் கர்நாடகத்துச் சள்ளக்கெரேயில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் பறந்ததைச் சொன்னால், "அங்க கம்பம் காத்து இல்லைல்ல?" என்பார்.

அதில் நியாயம் உண்டு. மலைக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று ஆண்டிபட்டிக் காற்றாலைகளுக்கு வருமானம், இவருக்கு வினை. விமானத்தின் வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர், எதிர்க்காற்று நாற்பது. மூக்கு மேற்கே பார்க்க, விமானம் கிழக்கே போகும். போய்ப் படுப்பது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையின் பந்தல் மேலே.

"ஏப்பா, பந்தலைப் பாழாக்கிட்டியே?"

"வெறும் எண்ணூறு கிராம்ணே!"

"உன் ஏரோபிளேன் எண்ணூறு கிராம். நசுங்குன பழம் ரெண்டு கிலோ இருக்கும். எங்க அந்தத் தராசு?"

ஆனாலும் பங்குனியில் காற்று அசையாத ஒரு காலை வரத்தான் செய்யும். மாப்பிள்ளை வீசுவார், விமானம் விழ மறந்து மேலே போகும். பாறைச் சூட்டில் எழும் காற்றில் பருந்து வட்டமடிக்க, இதுவும் பின்னாலேயே வட்டமடிக்கும். ஆடு மேய்ப்பவர் அண்ணாந்து பார்த்து, "எப்பத் தம்பி இறங்கும்?" என்பார்.

"வெயில் இருக்கிற மட்டும் இறங்காதுண்ணே!"

சொல்லி வாய் மூடுவதற்குள் கையில் இருக்கும் ரிமோட் 'பீப்' என்று கத்தும். மேலே இருப்பது சூரியனில் ஓடுகிறது. கீழே இருப்பது பெட்டிக்கடை பேட்டரியில் அல்லவா ஓடுகிறது! விமானத்துக்குச் சார்ஜ் முழுசாக இருக்க, ஓட்டுகிறவருக்குத் தீர்ந்துவிட்டது. பதறியடித்துத் தரையிறக்கியவர், மூச்சு வாங்குவதற்குள் அடுத்த திட்டத்தைச் சொல்லிவிடுவார்: ரிமோட்டுக்கும் ஒரு சோலார் பலகை. அதை மாட்ட இடம், மாப்பிள்ளையின் தொப்பி.

"எத்தனை கிராம் மாமா வரும்?"

"எத்தனை கிலோ வந்தா என்னடா, உன் தலையா பறக்கப் போகுது?"