பெங்களூருவின் சஹாராப் பயணி

பெங்களூருத் தமிழர்களைப் பற்றி எழுதுவோர், கன்டோன்மென்ட்டோடும் அல்சூரோடும் தலைமுறை தலைமுறையாகப் பிணைந்த பழைய குடிகளையும், மென்பொருள் வேலைக்காக வந்து பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பகுதிகளின் அடுக்ககங்களில் தங்கிவிட்ட புதிய குடிகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவது வழக்கம். இவ்விரு வகுப்பிலும் கலந்து வாழும் மூன்றாவது வகையினர் ஒருவர் இருப்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அவரைச் சஹாராத் திட்டக்காரர் எனலாம். வட ஆப்பிரிக்கப் பாலைநாடு ஒன்றுக்கு அடுத்த இளவேனிலில் குடும்பத்தோடு சென்றுவரத் திட்டமிடுபவரையே இப்பெயர் குறிக்கும். சென்றுவந்தவரை இது குறிக்காது. அவரிடம் சில ஒளிப்படங்களும் ஒரு வயிற்றுக்கோளாறும் தவிர வேறொன்றும் இராது. திட்டக்காரரிடம் இருப்பதோ அறிவு.

முதற்குறி ஆயுத பூஜை விடுமுறையில் தென்படும். ஆண்டு முடிவதற்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகும் விடுப்பு நாட்கள் எத்தனை என்று அலுவலகக் கணினியில் பார்க்கும் அவர், அன்றிரவே ஓர் எக்செல் கோப்பைத் திறந்து, அதற்குச் ‘சஹாரா இறுதி’ என்று பெயரிடுகிறார். கார்த்திகை பிறப்பதற்குள் அது ‘சஹாரா இறுதி 7’ ஆகியிருக்கும்.

கோப்பின் முதல் தாள் நாடுகளுக்குரியது. சஹாரா ஏறத்தாழ 92 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது, அதாவது இந்தியாவைப் போல மூன்று மடங்குக்குச் சற்றே குறைந்தது. அதில் மணல்மேடுகள் நாலில் ஒரு பங்கே இருக்க, மீதி பெரும்பாலும் ‘ஹமாடா’ எனப்படும் பாறைமேடும் ‘ரெக்’ எனப்படும் சரளைவெளியும்தான். மணல் அலையலையாகக் குவிந்த இடத்திற்கு ‘எர்க்’ என்று பெயர். இம்மூன்று சொற்களையும் கற்றுக்கொண்ட நாள் முதல், திட்டக்காரருடன் மதிய உணவுக்கு அமரும் சக ஊழியர்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவது ஆய்வாளர் எவரும் நேரில் காணக்கூடிய நிகழ்வு.

நாடுகளைக் கழித்துக்கட்டும் பணியை மாமனார் மேற்கொள்கிறார். “மாப்பிள்ளே, அங்கே சண்டைன்னு பேப்பர்ல போட்டிருக்கானே, பார்த்தீங்களா?” என்னும் ஒரே கேள்வியில் சூடானும் லிபியாவும் மாலியும் நைஜரும் விழுந்துவிடுகின்றன. அல்ஜீரியாவின் தஸ்ஸிலி நஜ்ஜர் பீடபூமி, ஆயிரக்கணக்கான பாறை ஓவியங்களுக்காக 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இடம். பசுமையாக இருந்த பழைய சஹாராவில் மாடு மேய்த்தவர்கள் தீட்டியவையும் அங்கே உண்டு. அதைப் பார்க்காமல் இறப்பதில்லை என்று திட்டக்காரர் ஒரு வாரம் உறுதியாக இருப்பார். அடுத்த வாரம் மொரிட்டேனியா. அந்நாட்டின் சுவராத் சுரங்கங்களிலிருந்து நுவாதிபு துறைமுகம் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் பாலையைக் கடந்து செல்லும் இரும்புத்தாது ரயில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது என்றும், துணிந்தவர்கள் தாதுக் குவியலின்மேல் அமர்ந்தே அதில் பயணம் செய்திருக்கிறார்கள் என்றும் அவர் கண்கள் விரிய விவரிக்கையில், மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமலே, “ஏங்க, அதுல பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று கேட்பார். மொரிட்டேனியா அத்துடன் முடிந்தது. எகிப்தை அதன் காற்றே நீக்கிவிடுகிறது: இளவேனிலில் ஏறத்தாழ ஐம்பது நாள் காலப்பகுதியில் விட்டுவிட்டு வீசும் வெப்பமான புழுதிக்காற்றாகிய ‘கம்சீன்’ அவர் குறித்துவைத்த தேதிகளிலேதான் வீசுகிறது. எஞ்சுவது மொராக்கோ. எல்லாத் திட்டக்காரர்களும் இறுதியில் மொராக்கோவுக்கே வந்து சேர்கிறார்கள், கோப்பில்.

இனி வருவது காலக்கணக்கு. இவ்வகையினரின் மேதைமை முழுதும் வெளிப்படும் இடம் இதுவே. மொராக்கோவின் கிழக்கோரத்தில் மெர்ஸுகா என்னும் சிற்றூரை அடுத்து எர்க் ஷெப்பி மணற்குன்றுகள் உள்ளன. அவற்றின் உச்சியிலிருந்து கதிரவன் உதிப்பதைக் காண்பதே பயணத்தின் நோக்கம். ஆனால் திட்டக்காரருக்குப் பெங்களூரு நேரம் 11.45க்கு ‘ஸ்டாண்டப்’ உண்டு. ஸ்டாண்டப் என்பது, குழுவினர் அனைவரும் நேற்று என்ன செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்வதாக எண்ணி நீளமாகச் சொல்லும் அன்றாடக் கூட்டம். விடுப்பில் இருந்தாலும் அதில் தலைகாட்டுவது தம் கடமை என அவர் கருதுகிறார். அவரை யாரும் அழைப்பதில்லை என்பது வேறு செய்தி. மொராக்கோ 2018 முதல் கிரீன்விச் நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகவே ஆண்டு முழுவதும் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. ரமலான் மாதத்தில் மட்டும் அந்த ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே இந்தியாவுக்கும் மொராக்கோவுக்கும் இடையே நாலரை மணி வேறுபாடு, ரமலானில் ஐந்தரை. ரமலானோ சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அது மார்ச் மாதத்தைத் தொட்டது. திட்டக்காரர் இரண்டு நேரத்துக்கும் தனித்தனி நிரல்கள் போட்டு, சூத்திரங்கள் எழுதி, மூன்று இரவு கண்விழித்துக் கண்டறிந்த முடிவு வருமாறு: மார்ச் இறுதியில் மெர்ஸுகாவில் கதிரவன் எழுவது வழக்கமான கணக்கில் காலை 7.15ஐ ஒட்டி, ரமலான் கணக்கில் 6.15ஐ ஒட்டி, இரண்டுமே பெங்களூருவில் 11.45. கடிகார முள்ளை எந்த அரசு எப்பக்கம் திருப்பினாலும் கதிரவன் ஸ்டாண்டப்பில்தான் உதிக்கிறது.

வெப்பநிலைத் தாளை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. மராக்கேஷ் நகரில் ஏப்ரல் மாதப் பகலின் சராசரி உச்ச வெப்பம் 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க, பெங்களூருவிலோ அது ஏறத்தாழ 34. போதாக்குறைக்கு இந்நகரம் 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரியைத் தொட்டிருக்கிறது. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று நகரக் குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்தது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகவும் சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகவும் திரிந்ததைக் கண்டிருந்தால் இளங்கோவடிகள் மருதத்தையும் அப்பட்டியலில் சேர்த்திருப்பார். பாலையைத் தேடி எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டிய அவசியம் என்ன என்னும் கேள்வி தாளைப் பார்த்த எவருக்கும் எழும். அதனால்தான் தாள் மறைக்கப்படுகிறது.

உணவுத் தாளைத் தயாரிக்கும்போது ஊரிலிருந்து வந்திருக்கும் தாயார் அருகில் அமர்கிறார். “ஏண்டா, அங்க தயிர் கிடைக்குமோ?” என்பதே அவருடைய ஒரே ஐயம். மொராக்கோவில் ‘ல்பென்’ என்னும் மோர் எங்கும் கிடைக்கும், வெள்ளிக்கிழமைகளில் அதைக் கூஸ்கூஸ் என்னும் கோதுமைக் குருணைச் சோற்றோடு அருந்துவர், எலுமிச்சையை உப்பில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்வர் என்று மகன் படித்துக் காட்டியதும், அந்த அம்மையார், “நம்ம மனுஷாதான்” என்று தீர்ப்புச் சொல்லி உறங்கப் போய்விடுவார். திட்டம் முழுவதிலும் ஐயம் தீர்ந்தவர் அவர் ஒருவரே. எனினும் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் சிறிய மின்குக்கரும் பட்டியலில் நீடிக்கின்றன; மணற்குன்றின் நடுவே அக்குக்கரை எதில் செருகுவது என்பதற்கு ஒரு தனி நிரல் உண்டு, அது காலியாக இருக்கிறது.

மூட்டை கட்டுதலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலணி லால்பாகில் சோதிக்கப்படும். டிரோன் வாங்கப்படும், அனுமதியின்றி டிரோன் கொண்டுவருவோரிடமிருந்து மொராக்கோ சுங்கத்துறை அதைப் பறித்துவைக்கும் என்பது வாங்கிய பின் தெரியவரும்.

திட்டம் கலையும் விதமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைகிறது. வாட்ஸ்அப் குழுவில் முதலில் “நான் ரெடி” என்று சொன்னவரே முதலில் கழன்றுகொள்வார். மார்ச்சில் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு வரும். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கடவுச்சீட்டு பத்தாண்டு செல்லாது, ஐந்தாண்டே செல்லும் என்பதும், பல நாடுகள் கேட்கும் ஆறு மாதச் செல்லுபடிக்காலம் அதில் மீதமில்லை என்பதும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இரவில்தான் கண்டுபிடிக்கப்படும். இத்தனை தாள்களை நிரப்பியவர் அந்த ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டதைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. எல்லாக் கட்டங்களும் நிரம்பிய திட்டத்தில் இனி நடக்க எஞ்சியிருப்பது பிழை மட்டுமே. அதற்கு இடங்கொடுக்க அவர் மனம் ஒப்புவதில்லை.

உகாதி விடுமுறையில் குடும்பம் தலக்காட்டுக்குப் புறப்படுகிறது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டரில், காவிரிக் கரையில் உள்ள இவ்வூர் கங்கரின் தலைநகராக இருந்து, சோழர் ஆட்சியில் ராஜராஜபுரம் எனப் பெயர் பெற்று, 12ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் வசமானது; பின்னர் கோயில்கள் மணலில் புதைந்துபோக, அதற்கு அலமேலம்மா என்னும் பெண்ணின் சாபமே காரணம் என்று உள்ளூரார் சொல்வர். பாலைவாசிகளின் நீண்ட தலைப்பாகையை அணிந்து, அம்மணலில் நின்று, “இதுவும் ஒரு வகை எர்க்தான்” என்று திட்டக்காரர் விளக்கும்போது, பிள்ளைகள் பரிசலில் பாதி ஆற்றைக் கடந்திருப்பார்கள். மறுநாள் கோப்பு திறக்கப்பட்டு, ரமலான் தேதிகள் 11 நாள் முன்னே நகர்த்தப்படும்.

இவ்வகையினர் ஒருவருடைய வீட்டுக்குப் பங்குனியில் செல்ல நேரும் வாசகர், மொராக்கோவைப் பற்றி எதுவும் கேளாதிருப்பது நலம். கேட்டே தீரவேண்டுமென்றால் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு செல்க. கோப்பில் இப்போது பதினான்கு தாள்கள் இருக்கின்றன.