ஒருவரி நிரலார்

மென்பொருள் அலுவலகங்களில் மேலாளர், நிரலர், சோதனையாளர் எனப் பதவிப்பெயர் பெற்ற இனங்கள் பல இருப்பினும், எந்தப் பதவிப் பட்டியலிலும் இடம்பெறாமல் எல்லா மேசைகளுக்கும் அழைக்கப்படுகிற தனியினம் ஒன்று உண்டு. அவ்வினத்தாரை ஒருவரி நிரலார் என வழங்கலாம். பிறர் நாள் முழுதும் கையால் செய்யும் வேலையை ஒரே வரியில் முடித்துத் தருவது அவருடைய தொழில். அந்த வரி எவருக்கும் புரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தொழில்தர்மம். "அண்ணே, அந்த ஸ்கிரிப்ட் இருக்கா?" என்று யாரேனும் கேட்டால் போதும், ஸ்கிரிப்ட் எனப்படும் சிறுநிரல்களை அவர் சேர்த்துவைத்திருக்கும் ஃபோல்டர் திறக்கும். அதனுள் 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று கிடப்பவற்றுள் எது எதற்கு உரியது என்பதை, மூலிகையின் பெயரை வெளியே சொல்லாத நாட்டு வைத்தியரைப் போல, அவர் ஒருவரே அறிவார். அவரும் திறந்து பார்த்த பிறகுதான் அறிவார்.

புலமையில் குறை சொல்வதற்கில்லை. ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குத் தீனியாக அனுப்பும் 'பைப்' என்னும் வசதி, 1973-இல் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்கப்பட்டது முதல் இக்குலம் தழைத்து வருகிறது. சர்வர் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவேடாகிய 'லாக்' லட்சம் வரிகளைத் தாண்டிக் கிடக்க, எந்த முகவரியிலிருந்து அதிகத் தொல்லை என்று எவரேனும் கேட்டால், 'ஆக்' கொண்டு முகவரிகளைப் பிரித்து, 'ஸார்ட்' கொண்டு வரிசைப்படுத்தி, 'யூனிக்' கொண்டு எண்ணி, மறுபடியும் 'ஸார்ட்' கொண்டு பெரியதை மேலே ஏற்றி, 'ஹெட்' கொண்டு முதல் பத்தைக் கத்தரித்து, காபி ஆறுமுன் விடையை நீட்டிவிடுவார். 'யூனிக்' அடுத்தடுத்து நிற்கும் ஒரேமாதிரி வரிகளை மட்டுமே சேர்த்தெண்ணும், எனவே முன்னதாக வரிசைப்படுத்தாவிடில் கணக்கு பிசகும் என்பது அறியாத இளையவரைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு துறவியின் சலிப்பு தோன்றும்.

மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் செலவிட்டு ஸ்கிரிப்ட் எழுதுவது இவ்வினத்தின் நிரந்தர இயல்பு. அடுத்த மாதம் அந்த வேலையே ரத்தாகிவிடும் என்பது உலக இயல்பு. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் 'கிரான்' என்னும் ஏற்பாட்டில், நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள் உண்டு. காலை ஒன்பதுக்கு மேலாளருக்கு ஓர் அறிக்கை போக வேண்டுமென்று மணிக்குரிய கட்டத்தில் ஒன்பதை இட்டவர், நிமிடத்துக்குரிய கட்டத்தில் 'எல்லாம்' எனப் பொருள்படும் நட்சத்திரக் குறியை அப்படியே விட்டுவிட்டால், பத்து மணி அடிப்பதற்குள் மேலாளருக்கு அறுபது அறிக்கைகள் சேர்ந்திருக்கும். அன்றும் நிரலார் கலங்குவதில்லை. அறுபதில் ஐம்பத்தொன்பதை அழிப்பதற்கு வேறொரு ஸ்கிரிப்ட் தம்மிடம் இருப்பதாகத் தெரிவிப்பார். கோப்பின் பெயருக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதுவோரிடம்தான் அவருக்குத் தீராப் பகை. மேற்கோள்குறி இடாத அவருடைய நிரல், அப்பெயரை இரண்டாகப் பிளந்து, இல்லாத இரு கோப்புகளைத் தேடி அலையும். பிழை மேற்கோள்குறியை மறந்தவருடையதே என்று அவரிடம் எடுத்துரைக்கும் துணிவு இதுவரை எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய ஒருவரைப் பெற்றிருக்கும் அலுவலகத்தார், அவர் வேறிடத்தில் வேலை கிடைத்துப் புறப்படுமுன், ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் தலைப்பிலும் அது என்ன செய்கிறது என்பதைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி எழுதி வாங்கிக்கொள்வாராக.