அபிமன்யு இந்தியிலும் செத்தான்

1988 ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் ராமனுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. ஒன்றரை வருஷமாக ராமானந்த் சாகர் நடத்திவந்த ராமாயணம் அன்றோடு முடிந்தது. செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு டயனோரா டிவிதான். அந்த வீட்டுக்காரம்மா டிவிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். தொன்னையை நக்கிக்கொண்டே கலைந்தோம். கூட்டத்தில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. 1965-இல் இந்திப் பெயர்ப்பலகையில் தார் பூசிய பெரியவர் ஒருவர்தான் வாரம் தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து எங்களுக்கு அர்த்தம் சொல்வார். அவருக்கும் இந்தி தெரியாது, ராமாயணம் தெரியும்.

வடக்கே அந்தச் சுபம் போதவில்லை. வால்மீகியைத் தங்கள் குலமுதல்வராகக் கொண்டாடும் துப்புரவுத் தொழிலாளர்கள் பஞ்சாபின் ஜலந்தரில் தொடங்கிப் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டாபிஷேகத்துக்குப் பிறகும் கதை இருக்கிறது, சீதை காட்டுக்குப் போகிறாள், வால்மீகியின் ஆசிரமத்தில் பிள்ளை பெறுகிறாள், எங்கள் ஆள் வருகிற இடத்தில் எப்படித் திரையை மூடுவீர்கள் என்பது அவர்கள் கேள்வி. தெருக்களில் குப்பை குவிந்தது. அரசாங்கம் இறங்கிவந்தது. சாகர் மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, சீதை பூமிக்குள் போகும்வரை எடுத்துவிட்டு ஓய்ந்தார். அதாவது, ஜனங்கள் போராடி ஒரு தொடரின் முடிவை மாற்றியிருக்கிறார்கள்; கையில் கிடைத்த மங்களத்தைத் திருப்பிக் கொடுத்து அழுகையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு போராட்டத்துக்கு அவசியம் இருந்ததில்லை. இந்த வழக்கைச் சோழர் காலத்திலேயே பைசல் செய்துவிட்டார்கள். கம்பர் பட்டாபிஷேகத்தோடு எழுத்தாணியை வைத்துவிட்டார். மிச்சத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது வழிவழியாக வரும் செய்தி. மங்களமாக வீட்டுக்குப் போக விரும்புகிறவர் கம்பரோடு எழுந்துவிடலாம். அழுதே தீரவேண்டும் என்கிறவர் கூத்தரோடு உட்கார்ந்திருக்கலாம். ஒரே கதைக்கு இரண்டு கடை.

எங்கள் மாமா கம்பர் கட்சி. ஆனால் அவருடைய ராமன் எம்.ஜி.ஆர். 1962-இல் வந்த ‘பாசம்’ படத்தில் எம்.ஜி.ஆர். கடைசியில் செத்துப்போகிறார். ரசிகர்களால் அதைத் தாங்க முடியவில்லை, படம் ஓடவில்லை. மாமா மட்டும் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தார். கடைசி ரீலுக்கு முன்னால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவர் கணக்கில் அந்தப் படம் சுபம். அப்படியானால் ‘மதுரை வீரன்’ படத்தில் மாறுகால் மாறுகை வாங்குகிறார்களே, அது எப்படி அந்தப் போடு போட்டது என்று கேட்டால், “அதுல அவரு சாமி ஆவறாரு இல்ல, அது கணக்குல வராது” என்பார். யோசித்துப் பார்த்தால் அது சாதாரணப் பதிலில்லை. காத்தவராயன், நல்லதங்காள், மதுரை வீரன் என்று நம் ஊர்களில் அநியாயமாகச் செத்தவர்களுக்கெல்லாம் கோயில் இருக்கிறது. கதாபாத்திரத்தைக் கொன்றால் ஒரு குடும்பமாவது பொங்கல் வைக்கவேண்டும் என்பது இங்கே எழுதாத ஒப்பந்தம்.

அந்த வருஷம் அக்டோபரில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் ஆரம்பித்தது. எங்கள் ஆயாவுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில் வளைப்பு, துகில், தபசு என்று ஏறிக்கொண்டே போய் அபிமன்னன் சண்டையில் வந்து நிற்கும். அன்று ஊரில் யாரும் தூங்குவதில்லை. சக்கரவியூகத்துக்குள் போகத் தெரிந்த பையனுக்கு வெளியே வரத் தெரியாது. அவன் சாவான் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஒருமுறை நான் ஆயாவின் மடியைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவையாவது வெளியே வந்துவிடுவானா என்று கேட்டிருக்கிறேன்.

“போன வாட்டி வந்தானா?”

“இல்ல.”

“அதுக்கு முன்ன வாட்டி?”

“இல்ல.”

“அப்ப இந்த வாட்டி மட்டும் உனுக்காவ வருவானா? கம்முனு பாரு.”

டிவியில் அந்தக் கட்டம் நெருங்கியபோது எனக்கு மறுபடி ஆசை முளைத்தது. காரணம், இது இந்தி. வேறு பாஷை, வேறு ஆட்கள், டெல்லி வரைக்கும் செல்வாக்கு உள்ள கம்பெனி. அவர்கள் நினைத்தால் ஒரு பையனைக் காப்பாற்ற முடியாதா? முடியவில்லை. அபிமன்யு இந்தியிலும் செத்தான். தெருவே அழுதது. ஆயா அழவில்லை. “சாவ எடுத்துட்டான், அழ உடலயே” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அப்போது எனக்கு அது கிழவியின் புலம்பலாகத்தான் பட்டது. அவர் சொன்னதற்கு அளவுகோல் படுகளம். பாரதத் திருவிழாவின் கடைசியில் கோயில் எதிரே வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். ஆள் ஏறி நின்று ஆடும் அளவுக்கு மார்பு. காலையில் வீமன் வேஷக்காரர் தொடையைப் பிளப்பார். திரௌபதி கூந்தல் முடிவாள். நியாயப்படி அங்கே கொட்டு முழக்கத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். வில்லன் செத்துவிட்டான், சபதம் நிறைவேறிவிட்டது. முடியாது. துரியோதனன் பெண்டாட்டி பெருந்திருவாள் வந்து அந்த மண் உடம்பின் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பாள். பதினெட்டு நாளும் துரியோதனனைத் திட்டித் தீர்த்த பெண்கள் அவளோடு சேர்ந்து அழுவார்கள். அந்த அழுகையில் போன மாசியில் செத்த புருஷன் இருப்பான், கிணற்றில் விழுந்த பிள்ளை இருக்கும். சாயங்காலம் தீமிதி. அப்புறம்தான் தருமருக்குப் பட்டாபிஷேகம். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக் காரியத்துக்கே கர்ண மோட்சம் ஆடச் சொல்லுவார்கள். வீட்டில் ஒருவர் போய்விட்டார் என்பதற்காக இன்னொருவர் சாகிற கூத்தை விடியவிடியப் பார்ப்பவர்களிடம், பிடித்த பாத்திரத்தைக் கொல்லலாமா கூடாதா என்று கேட்டால் கேள்வியே புரியாது. அவர்களுக்கு இருந்த புகார் வேறு. “கர்ணன் இந்த வருஷம் சரியாவே சாவல. மூச்சு வாங்கறான், பாட்ட முழுங்கறான்.”

நடுவில் ஒரு பத்து வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். சிற்றிதழ் படித்தேன், தாடி வைத்தேன், ‘சுபம்’ என்று கார்டு போடும் எதையும் கலை என்று ஒப்புக்கொள்ள மறுத்தேன். என் நண்பர்களும் அப்படித்தான். எங்களைப் பொறுத்தவரை கதாநாயகன் உயிரோடு இருந்தால் அது வணிகம்.

பிறகு கல்யாணம், மகள், சென்னை. மகள் கல்லூரிக்குப் போகும் வயதில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வீட்டுக்குள் வந்தது. 2011-இலேயே தொடங்கிய தொடர்; அவள் தாமதமாக ஆரம்பித்ததால் நடந்து முடிந்த சாவுகளை எல்லாம் அவளிடமிருந்து மறைக்கவேண்டியது எங்கள் பொறுப்பாயிற்று. உறவுக்காரர்கள் வந்தால், அவள் எத்தனாவது சீசனில் இருக்கிறாள் என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விடுவோம்.

முதல் சீசன் போஸ்டரில் இரும்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவர் ஷான் பீன். அவர்தான் நெட் ஸ்டார்க், யோக்கியர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். பத்து பாகத்தில் ஒன்பதாவதில் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். மாமாவுக்கு இதைக் காட்டியிருந்தால் டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்திருக்கமாட்டார். எனக்கோ பரம திருப்தி. தாடி வைத்த காலத்தில் நான் கேட்டதெல்லாம் இதுதானே. மூன்றாவது சீசனில் அந்தக் கல்யாண விருந்து. பழைய வாக்கை மீறி வேறு பெண்ணைக் கட்டிய நெட்டின் மகன் ராப் ஸ்டார்க்கை, உப்பும் ரொட்டியும் கொடுத்து உட்காரவைத்து, கதவைச் சாத்தி, கர்ப்பிணி மனைவியோடும் தாயோடும் கொன்றுபோட்டார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது இசையே இல்லை. மகள் அன்று சாப்பிடவில்லை.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று, நம் அசுவத்தாமன் ராத்திரியில் பாசறைக்குள் புகுந்து தூங்குகிற பிள்ளைகள் ஐந்து பேரையும் கொன்ற கதையைச் சொன்னேன். கதாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினுக்கு முன்மாதிரி ஸ்காட்லாந்துச் சரித்திரம் என்பதையும் சொன்னேன். 1440-இல் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைத்து டக்ளஸ் வம்சத்துப் பையன்களைக் கொன்றிருக்கிறார்கள். 1692-இல் கிளென்கோவில் விருந்தாளியாகத் தங்கிய சிப்பாய்களே வீட்டுக்காரர்களைக் கொன்றிருக்கிறார்கள்.

“அப்பா, இப்ப ஹிஸ்டரி வேணாம்ப்பா” என்றாள்.

இன்றைக்கும் சொல்வேன், அவை நல்ல சாவுகள். நெட் செத்தது இரக்கப்பட்டு எதிரியிடமே தன் திட்டத்தைச் சொன்னதால். ராப் செத்தது கொடுத்த வாக்கை உடைத்ததால். கணக்கு சரியாக இருந்தது. ஐந்தாவது சீசன் முடிவில், நெட் வளர்த்த ஜான் ஸ்நோவைக் குத்திப் போட்டுவிட்டு, அவன் செத்தது செத்ததுதான் என்று நடிகரும் தயாரிப்பாளர்களும் உலகம் பூராவும் சாதித்தார்கள். அடுத்த வருஷம் இரண்டாவது பாகத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டான். மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. படுகளத்திலும் செத்துக் கிடப்பவர்களை எழுப்புவது உண்டு. ஆனால் அழுது முடித்த பிறகு.

2019-இல் கடைசி சீசன். முதல் ஆறு சீசனுக்கும் பத்துப் பத்து பாகம், ஏழாவதற்கு ஏழு, இதற்கு ஆறு. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி. நமக்குத் திங்கள் காலை ஆறரை மணி. இன்னொருவர் வாயால் முடிவைக் கேட்டுவிடக்கூடாது என்று மகள் அலாரம் வைத்து எழுந்தாள். கடைசிப் பாகம் மே 20. முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து, எல்லாச் சேனல்களிலும் கருத்துக்கணிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அரியணை யாருக்கு என்று நாடே பேசிய காலையில் எங்கள் வீட்டிலும் அதுதான் பேச்சு, அரியணைதான் வேறு.

டெனேரிஸ் அடிமைகளை விடுவித்தவள், எட்டு வருஷம் ஜனங்கள் கொண்டாடியவள். ஐந்தாவது பாகத்தில் நகரம் சரணடைந்து மணி அடித்த பிறகும் அதைக் கொளுத்தினாள். ஆறாவதில் ஜான் ஸ்நோ முத்தம் கொடுத்தபடியே கத்தியைச் செருகினான். அவன் கொஞ்சம் அழுதான். டிராகன் மூக்கால் அவளைத் தட்டி எழுப்பிப் பார்த்தது, ஓலமிட்டது, சிம்மாசனத்தை உருக்கியது, உடலைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அவ்வளவுதான் ஒப்பாரி. அடுத்த காட்சியே சில வாரம் கழித்து ஒரு கூட்டம். பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு, புது ராஜா யார் என்று பேச்சு. ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டுமே என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். அதிகம் பேசிய ஒரு மாமனை மருமகள் உட்காரச் சொல்கிறாள். டெனேரிஸுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் நகைச்சுவை.

மகளுக்கு வந்த கோபத்தைப் பார்த்து, டெனேரிஸும் ஜானும் சேர்ந்து ஆண்டிருக்கவேண்டும் என்கிறாளோ என்று நினைத்தேன். எனக்கு இப்போது அதில் ஆட்சேபணையும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரை போட ஆரம்பித்த பிறகு ‘சுபம்’ கார்டின் அருமை தெரிகிறது.

“ஐயோ, யாருப்பா கல்யாணம் பண்ணி வெக்கச் சொன்னா? அவ சாகட்டும். ஆனா இப்படியா?”

கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஜலந்தரில் விளக்குமாற்றைக் கீழே போட்டவர்கள் சாதித்ததை இந்தப் பத்து லட்சம் விரல்களால் சாதிக்க முடியவில்லை. மனு போட்டவர்கள் கேட்டதும் மங்களம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். படுகளத்துக்குப் பக்கம் ஒதுக்காமல் நேராகப் பட்டாபிஷேகத்துக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் ஆத்திரம். புத்தகத்தில் எப்படி முடியும் என்று பார்க்கலாம் என்றால் ஐந்தாவது தொகுதி 2011-இல் வந்தது, ஆறாவது இன்னும் வந்தபாடில்லை. மார்ட்டின் 1948-இல் பிறந்தவர். முடிவு கசப்பும் இனிப்புமாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார். கம்பருமில்லாமல் கூத்தருமில்லாமல் இரண்டு கடையையும் ஒருவரே நடத்தப் பார்க்கிறார் போலிருக்கிறது.

இப்போது ஓடுவது அதன் முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’. இதற்கு மூலமான புத்தகம் ஒரு ராஜவம்சத்துச் சரித்திரம் என்ற பாவனையில் எழுதப்பட்டு 2018-இலேயே வெளிவந்துவிட்டது. யார் யாரால், எப்போது, எந்த டிராகன் வாயில் சாவார்கள் என்பதெல்லாம் அதில் அச்சாகிக் கிடக்கிறது. மகள் அதைக் கரைத்துக் குடித்திருக்கிறாள். நான் கேட்காமலே சொல்கிறாள். காதைப் பொத்திக்கொள்கிறவன் இப்போது நான்.

2024-இல் இரண்டாவது சீசனின் முதல் பாகத்தைச் சேர்ந்து பார்த்தோம். அரண்மனைக்குள் புகுந்த கொலைகாரர்கள் ராணி ஹெலேனாவின் குழந்தையைக் கொல்கிறார்கள். எனக்கு வயிறு கலங்கியது. மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

“சொதப்பிட்டாங்கப்பா. புக்குல அவளுக்கு ரெண்டு பசங்க. எது சாகணும்னு அவ வாயாலேயே சொல்ல வைப்பாங்க. சின்னவனைன்னு சொல்லுவா. உடனே பெரியவனை வெட்டுவாங்க. மிச்ச நாளெல்லாம் அந்தச் சின்னவன் மூஞ்சிய அவளால பாக்க முடியாது. இவங்க அந்தச் சின்னவனையே கதைலேர்ந்து தூக்கிட்டாங்க. இதெல்லாம் ஒரு சாவா?”

சில மாதம் கழித்து மார்ட்டினே அந்தச் சின்னவன் இல்லாமல் போனதைப் பற்றிப் பொதுவில் குறைபட்டு எழுதிவிட்டு, பிறகு அதை எடுத்துவிட்டார். மகளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அடுத்த சீசனில் யார் யார் என்று அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன்.