ரோல் இல்லாத ஃபிளாஷ்

லே மருமவனே, ஒங் கலியாணத்த ஃபிலிம் கேமராவுல எடுக்கப் போறியாமே, ஒங்கம்மை சொன்னா. பலே! நாங்க கட்டையில போறதுக்குள்ள எங்க காலத்துச் சாமானுக்கும் ஒரு மவுசு வந்துட்டு.

நல்ல யோசனைதான். ஆனா ஃபிலிமோட அரும என்னன்னு ஒனக்கு ஒருத்தனும் சொல்லிருக்க மாட்டான். கலரு, கிரெய்னுன்னு என்னத்தையாவது அளந்திருப்பான். அதெல்லாம் கெடக்கட்டும். அந்தக் கேமராவுக்குப் பின்னால படம் காட்டுத கண்ணாடி கெடையாது பாத்துக்கோ, அதுதாம்லே அதோட பெரும.

எப்பிடிங்கியா? அப்பம்லாம் யாஷிகா டப்பா. வயித்துகிட்ட வச்சுக் குனிஞ்சு பாத்து எடுப்பான். ரோலுக்கு 12 படம். பொறவு வந்த சின்ன ரோலுக்கு 36. பொண்ணு வீட்டுல ரெண்டு மூணு ரோலுதான் சொல்லிருப்பாக. மேடைக்கு வாரதோ ஊரு சனம் பூராவும். மொய்க் கவரத் தூக்கிக்கிட்டு, பொண்டாட்டி புள்ளையோட வரிசையா நிப்பாக. அம்புட்டுப் பேருக்கும் ஃபிலிமச் செலவழிச்சாக் கட்டுபடியாவுமா? ஸ்டூடியோக்காரன் ஓரக்கண்ணால மாமனாரப் பாப்பான். அவரு மீசையத் தடவுனா நெசப் படம். துண்ட ஒதறுனா வெறும் ஃபிளாஷ். பளீர்னு ஒரு வெட்டு, ‘அடுத்த ஆளு வாங்க!’ அவுகளும் பல்லு தெரியச் சிரிச்சுட்டு எறங்கிப் பந்திக்குப் போயிருவாக. மரியாதையும் பண்ணியாச்சு, ரோலும் மிச்சம். ஆல்பம் வந்தப்புறம் ‘எங்கய்யா எம்படம்’னு கேட்டா, ‘அந்த ரோலு கழுவும்போது வீணாப் போச்சுண்ணே.’ பஞ்சாயத்து முடிஞ்சுது.

டிஜிட்டல்ல அந்தப் பருப்பு வேவாது. ஃபிளாஷ் அடிச்ச கையோட ஒஞ் சின்னத்த கேமராக்காரன மறிச்சு ‘காட்டு தம்பி’ம்பா. கண்ணு மூடிருக்கு, இன்னொண்ணு எடு. தோடு தெரியல, இன்னொண்ணு எடு. கீழ எலையில சாம்பாரு ஆறிக் கெடக்கும்.

இந்த டிஜிட்டலச் செஞ்சவனே ஃபிலிம் வித்த கோடாக் கம்பெனி ஆளுதான். ஸ்டீவன் சாஸன்னு ஒரு என்ஜினியரு, 1975-ல செஞ்சாரு. ஒரு படம் கேசட்டுல பதிய 23 வினாடி. அதுக்குள்ள மூணு முடிச்சும் விழுந்து பாதிப்பேரு பந்திக்கு எந்திரிச்சிருப்பான். கம்பெனி அதப் பெருசாக் கண்டுக்கல. 2012-ல அந்த மஞ்ச டப்பாக் கம்பெனியே மஞ்சக் கடுதாசி குடுத்துட்டு. நம்ம ஊட்டியில 1960-ல தொடங்குன இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் கதவச் சாத்தியாச்சு.

ஒண்ணு ஒத்துக்கிடுதேன். வெளிச்சம் கொஞ்சம் கூடிப் போனாலும் ஃபிலிம் தாங்கிக்கிடும், வேட்டி மடிப்பு தெரியும். டிஜிட்டல்ல அளவு தாண்டிட்டா வேட்டி சுண்ணாம்புச் செவரு மாதிரி வெறிச்சுன்னு நிக்கும். இருட்டுல அப்பிடியே மாறிப் போவும். விடியக்கால முகூர்த்தம், ஓமப் பொக வேற. டிஜிட்டல்காரன் ஐ.எஸ்.ஓ.வ ஏத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பான். ஃபிலிம்காரனுக்குப் போட்ட ரோலு போட்டதுதான்.

அப்புறம், பழைய ஆளு கெட்டிமேளத்துக்கு முன்னாலயே, பாதி மிச்சமிருந்தாலும் ரோல மாத்திருவான். நீ புடிச்சிருக்கியே தாடிக்காரப் பய, அவனுக்கு அது தெரியுமான்னு கேட்டுக்கோ. தெரியலன்னா ‘இன்னொரு தடவ கட்டுங்க ப்ரோ’ம்பான். ஒம் மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு இருக்குன்னு கேள்வி.

இம்புட்டும் எடுத்து, வெளியூரு லேபுக்குப் பார்சல் அனுப்பி, 38 டிகிரி மருந்துல கழுவி, ஸ்கேன் பண்ணி, கடைசில வாட்சப்புலதான வரப்போவுது?

அதனால மாமன் சொல்லுதபடி செய்யி. தாலிக்கும் ஒங்க ஆச்சிக்கும் டிஜிட்டல வையி. சொந்தக்காரங்க வரிசைக்கு ஃபிலிம் கேமராவ நிறுத்து, ரோலு போடாம. படம் எப்ப வரும்னு கேட்டா, ‘ஃபிலிம்லா, நாளாவும்’னு சொல்லிரு. ஆடி வரதுக்குள்ள மறந்துருவாக.

ஆனா நான் மேடையேறுனா பின்மூடியத் தெறந்து காட்டச் சொல்லுவேன். ரோலு இருந்தா வெளிச்சம் பட்டு நாசமாப் போவும், இல்லாட்டி ஒங் குட்டு ஒடஞ்சு போவும். எது தேவலன்னு யோசிச்சுட்டு, எனக்கு மட்டும் டிஜிட்டல்ல எடுத்து, பெரிய பிரிண்டாப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தோட வீட்டுக்குக் கொண்டாந்துரு.