சவரமும் சவரனும்

பாதுகாப்புச் சவரக் கருவி என நூல்களில் நீட்டி எழுதப்படுவதும் கடைத்தெருவில் ஷேவிங் செட் என்று முடிந்துவிடுவதுமான பொருள், இருபுறமும் கூருள்ள மெல்லிய பிளேடு ஒன்றை மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வைத்து, கைப்பிடியைத் திருகி இறுக்கி, கூர்முனை தோலில் படவேண்டிய அளவுக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு செய்யப்பட்ட ஒரு சிறு கருவியாகும். அதில் மின்சாரம் இல்லை, பல்சக்கரம் இல்லை, மறைத்து வைக்கத்தக்க இரகசியமும் இல்லை. அவ்வாறிருந்தும், கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சில சிறு பட்டறைகளில் துருப்பிடியா எஃகையோ டைட்டானியத்தையோ கணினிவழிக் கடைசல் எந்திரங்களில் கடைந்து எண்ணி எண்ணிச் செய்யப்படும் இக்கருவி, சில நூறு டாலரில் தொடங்கி, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது ஆயிரம் டாலரைத் தொடுவதும் உண்டு. அதையும் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாமல், பெயரைப் பதிந்துவிட்டுத் தாடியோடு காத்திருக்க வேண்டும். எட்டு கிராம் பொன்னைக் குறிக்கும் சவரன் ஆங்கிலேயரின் பொற்காசிலிருந்தும், முகம் மழிப்பதைக் குறிக்கும் சவரம் வடமொழியின் க்ஷௌரத்திலிருந்தும் வந்தவை. ஒட்டும் உறவும் இல்லாத இவ்விரு சொற்களையும் சம்பந்திகளாக்கிய பெருமை இக்கைவினைஞர்களையே சாரும்.

விலையுயர்ந்த ஷேவிங் செட் இன்று நேற்றுப் பிறந்த மோகமன்று. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர், மழுங்கியதும் கழற்றி எறியத்தக்க பிளேடோடு கூடிய தம் கருவியை 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 5 டாலர். அவ்வாண்டு விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. கருவியை இனாமாகக் கொடுத்துவிட்டுப் பிளேடில் காசு பார்த்தவர் என்று வணிகவியல் வகுப்புகளில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை, காப்புரிமை, அதாவது பிறர் அதே பொருளைச் செய்யவிடாமல் தடுக்கும் சட்டவழி உரிமை, அவரது நிறுவனத்தின் கையில் இருந்த காலத்துக்குச் சற்றும் பொருந்தாது. 1921இல் அவ்வுரிமை முடிவுக்கு வந்த கட்டத்தில்தான் விலை இறங்கியது. அதற்குப் பிறகு நிகழ்ந்ததுதான் இவ்வாராய்ச்சிக்கு முக்கியமானது: பிளேடு உலகப் பொதுவாயிற்று. ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் அகலமும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட அந்த எஃகுத் தகடு, எந்த ஊரில் செய்யப்பட்டாலும் எந்த ஊர்க் கருவியிலும் உட்காரும். கீழக்கரைப் பெட்டிக்கடையில் அட்டையில் தொங்கும் டோபாஸ் பிளேடுதான் ஆயிரம் டாலர்க் கருவிக்குள்ளும் போய்ப் படுத்துக்கொள்கிறது. மயிரை அறுப்பதும் அதுவே. பல்லக்கைத் தங்கத்தால் இழைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் சேதுபதி மன்னர் ஆகிவிடுவதில்லை.

ஆயினும் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மனித மயிர் பிளேடின் எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படிப்பட்ட மயிர் எஃகின் கூரைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடுவது எவ்வாறு என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் மழித்துப் பார்த்து, 2020இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டனர். மயிர் நிமிர்ந்து நின்று வெட்டுப்படாமல் வளைந்து சாய்ந்து கூரை எதிர்கொள்ளும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு பெயர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. பிளேடு நடுங்காமல் இறுகப் பிடிக்கப்படுவதும், அதன் முனை இருபுறமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருப்பதும் சவரத்தின் தரத்தை நிர்ணயிப்பவை. அச்சில் ஊற்றிச் செய்த மட்டமான கருவியில் பிளேடு கோணலாக உட்கார்ந்துவிட்டால், ஒரு பக்கம் மழிக்கும், மறுபக்கம் உழும். ஆனால் இந்தத் துல்லியத்தைச் சில ஆயிரம் ரூபாய்க் கருவிகளே எட்டிவிடுகின்றன. அதற்குமேல் கொடுக்கப்படும் பணம் கன்னத்துக்குப் போவதில்லை. கண்ணுக்கும் கைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வாய்க்கும் போகிறது. இத்தகைய கருவி வைத்திருப்போர் அதன் இடைவெளி, எடை, சாய்வு ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேச வல்லவர்கள். கேட்பவரைச் சோர்வடையச் செய்யும் பேச்சுக்குத் தமிழர் பிளேடு போடுதல் என்றும் அறுவை என்றும் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பது அப்போது விளங்கும்.

இக்கருவிகளின் விளம்பரங்களில் தவறாமல் வரும் தொடர் கடல்சார் தர எஃகு என்பதாகும். சாதாரணத் துருப்பிடியா எஃகில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை ஊசியால் குத்தியதுபோல் துளைக்கும். அதைத் தடுக்க 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்க்கப்படும் 316 வகை எஃகையே இப்பெயரால் அழைக்கின்றனர். இக்கருவியை வாங்குவோர் பலரின் குளியலறைக்கு மிக அருகில் உள்ள நீர்நிலை குளியல்தொட்டிதான் என்பதால், இத்தகுதியைச் சோதிக்கும் உரிமை உண்மையில் பாம்பன் தீவினருக்கே உரியது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் ஓயாமல் வண்ணம் பூசப்பட்டும் துருவோடு போராடிக் களைத்து, 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலத்துக்கு வழிவிட்டது. சிக்ரி என மக்கள் அழைக்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் காயவைத்து அவை எவ்வளவு அரிக்கப்படுகின்றன என்று பார்ப்பதற்குத் தேர்ந்த இடம் மண்டபம். காற்றே தேர்வாளராக இருக்கும் இக்கரையில், துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசிய மலிவான ஷேவிங் செட், பூச்சில் ஒரு பொட்டு விழுந்த நாளிலிருந்து உள்ளே கரையத் தொடங்கி, ஒரு நாள் காலை நுரை பூசிய முகத்தோடு நிற்பவரின் கையில் கழுத்து முறிந்து நிற்கும். 316 எஃகுக் கருவிக்கு இக்கதி நேராது. டைட்டானியமோ கடலுக்கடியில் கிடந்தாலும் கவலைப்படாது.

பித்தளையிலும் செம்பிலும் செய்யப்படுபவை தனிக் கதை. அவை உப்புக்காற்றில் கறுத்துப் பச்சை பூப்பதைச் சேகரிப்பாளர்கள் காலம் அளித்த அழகு என்று போற்றி, அது கெடாதவாறு கழுவாமல் பாதுகாக்கின்றனர். தமிழில் அதன் பெயர் களிம்பு. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை சொன்ன அந்தக் களிம்பை, இராமநாதபுரத்துப் பெண்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் போக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

நீரின் நிலையும் கருதத்தக்கது. ஒத்துவராத அரசு ஊழியரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாக மேலதிகாரி மிரட்டும்போது அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டமே. இங்குள்ள கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவுக்காரத்தோடு சேர்ந்து நுரையாகாமல் திரியாகத் திரண்டுவிடும். தாடிமயிர் இரண்டு மூன்று நிமிடம் நல்ல நீரில் ஊறினால்தான் இளகி எளிதில் அறுபடும் என்பதால், இங்கே ஆயிரம் டாலர்க் கருவி தராத வழவழப்பை ஒரு செம்பு காவிரித் தண்ணீர் தந்துவிடும்.

இனிப் பயன்பாட்டுக் கணக்கு. வழக்கங்களைப் பின்பற்றும் ஓர் இந்துக் குடும்பத் தலைவர் செவ்வாயும் வெள்ளியும் சவரம் செய்துகொள்வதில்லை. ஆண்டுக்கு 104 நாள் அதிலேயே போகிறது. சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம்; அமாவாசைகள் தனி. ஒன்றன்மேல் ஒன்று விழும் நாள்களைக் கழித்துப் பார்த்தால் கருவிக்கு ஆண்டில் ஏறத்தாழ 220 நாளே வேலை. மனைவி கருவுற்றிருந்தால் மழிக்காமலிருக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் அவ்வாண்டின் பெரும்பகுதி ஓய்வுதான். தங்கச்சிமடத்துக் கிறித்தவக் கடலோடிகளில் தவக்காலத்தில் தாடி வளர்ப்போரும் உண்டு. இவ்வளவு விடுமுறை அனுபவிக்கும் பொருளுக்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கு உரிய விடையை எந்தப் பட்டறையும் பொருளோடு சேர்த்து அனுப்புவதில்லை.

செல்வத்தைப் பிறர் காணச் செலவிடும் இயல்பை 1899இல் ஆராய்ந்த தார்ஸ்டீன் வெப்லன் என்ற பொருளியலறிஞர் இதைக் கண்டிருந்தால் திகைத்திருப்பார். ஒரு சவரன் சங்கிலியைக் கல்யாண வீட்டுக்கு அணிந்து செல்லலாம். ஷேவிங் செட்டைக் காட்ட வேண்டுமானால் விருந்தினரைக் குளியலறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மழித்த கன்னத்தில் 916 முத்திரை விழுவதும் இல்லை.

இந்தக் கரையின் சிறந்த சவரம் எங்கே கிடைக்கிறது என்பதைப் பாம்பனிலோ இராமேசுவரத்திலோ ஏதேனும் ஒரு சலூனில் அரை மணி நேரம் உட்கார்ந்து காணலாம். எய்ட்ஸ் அச்சத்துக்குப் பின் பரவிய வழக்கப்படி, சலூன்காரர் புது பிளேடு ஒன்றை வாடிக்கையாளர் கண்முன்னே எடுத்து, தாளோடு மடக்கி நெடுக்குவாட்டில் இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை மடக்குக் கத்தியின் பிளவில் செருகுகிறார். மறுபாதி அடுத்தவருக்கு. இடக்கைக் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, மயிர் எத்திசையில் படிந்திருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, காதருகிலிருந்து இறக்குகிறார். நுரையை ஒரு துண்டுச் செய்தித்தாளில் வழிக்கிறார். இறுதியில் நனைத்த படிகாரக் கல்லைத் தாடையில் தேய்க்கிறார். அரை பிளேடு, ஒரு கட்டைவிரல். அவர் பெயருக்காக யாரும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் முன்னால் நான்கு பேர் இருப்பார்கள்.

ஆகவே அரிய விலையுயர்ந்த கருவிகளின் புகழ் துருவைப் பொறுத்தவரை மெய். மயிரைப் பொறுத்தவரை மிகை. கடலோரத்தில் வாழ்பவர் துருப்பிடியா எஃகில் நடுத்தர விலைக்கருவி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைத்து வைத்தால் அது பேரனுக்கும் உதவும். எஞ்சுவது பழைய பிளேடு. அமெரிக்க வீடுகளில் ஒரு காலத்தில் குளியலறை மருந்துப் பெட்டியின் பின்புறம் ஒரு பிளவு வைத்து, பிளேடுகளைச் சுவருக்குள்ளேயே விழவிட்டனர். தமிழ் வீடுகளில் அது சன்னல் சட்டத்தில் செருகப்பட்டு, பென்சில் சீவி, தையல் பிரித்து, கடைசியில் குப்பைக்குப் போகிறது. அக்குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களையும் தெருவில் அதை மேயும் ஆடுமாடுகளையும் கருதி, வாசகர்கள் பழைய பிளேடை அது வந்த தாளிலேயே மடித்து, ஒரு தகர டப்பாவில் சேர்த்து மூடி வைப்பார்களாக.