ஓடுது, தொடாதே!

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பவனுக்கு, ஒரே காலுக்கு மூன்று நம்பர் சொல்வது பழக்கப்பட்ட விஷயம். பிரிட்டனுக்கு 8, அமெரிக்காவுக்கு 9, ஐரோப்பாவுக்கு 42. கால் ஒன்றுதான், பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர்தான் வேறு. லினக்ஸில் விண்டோஸ் கேம் ஓட்டுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று கூட வேலை பார்க்கும் பாய் சொன்னபோது, அட, நம்ம தொழில்தானே என்று இறங்கிவிட்டேன். ஷூ கடித்தால் எந்த விரலைக் கடிக்கிறது என்றாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

லினக்ஸுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு என் கணினி வயதாலேயே தகுதியிழந்தது. லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்து, கேம் இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாக மூடிவிட்டார்கள்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் 1993-இல் தொடங்கி, 1.0 என்ற எண்ணைத் தொட 2008 வரை ஆனது. அதன்மேல் கட்டிய புரோட்டானை 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்டது. விண்டோஸின் டைரக்ட்3டி கிராஃபிக்ஸ் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகேவை பிலிப் ரெபோலே எழுதத் தொடங்கியதே, ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற ஒரு கேமை லினக்ஸில் விளையாடத்தான். ஒரு கேமுக்காக ஒரு மனிதர் மொழிபெயர்ப்பு அடுக்கையே எழுதியிருக்கிறார். நான் கேட்டது ஒரு கார் ரேஸ்.

ப்ளே பட்டனை அழுத்தினேன். அது ‘ஸ்டாப்’ என்று மாறியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடியும் ‘ப்ளே’ ஆனது. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த இடத்தில்தான் ஆலோசகர்கள் வருவார்கள். புரோட்டான் பதிப்பை மாற்று என்பார் ஒருவர். 8 இருக்கிறது, 9 இருக்கிறது, எக்ஸ்பெரிமென்டல் இருக்கிறது, அதுபோக ஆர்வலர் ஒருவர் கட்டித்தரும் ஜிஇ. ஈசிங்க் என்ற வசதியை அணை என்பார் இன்னொருவர். அணைக்காவிட்டால் ஓடாதாம், அணைத்தால் மெதுவாக ஓடுமாம்.

அணைப்பது மாதிரியான திருத்தங்களை எழுதுவதற்கு லாஞ்ச் ஆப்ஷன்ஸ் என்று ஒற்றை வரிப் பெட்டி. எல்லாம் பெரிய எழுத்து, நடுநடுவே அடிக்கோடு, கடைசியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ‘கமாண்ட்’. அந்தக் கடைசிச் சொல் விட்டுப்போனால், முன்னால் எழுதிய அத்தனையும் வீண். தப்பு என்று அது சொல்லாது. படித்துப் பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால் ‘பிரிஃபிக்ஸை அழி’ என்பார்கள். திறந்து பார்த்தேன். கேமுக்கு ஒரு எண், அந்த எண்ணில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பொய்யாக ஒரு சி டிரைவ். புரோகிராம் ஃபைல்ஸ், சிஸ்டம்32 எல்லாம் உண்டு. வாடகை இல்லாமல் ‘ஸ்டீம்யூசர்’ என்று ஒருவர் குடியிருக்கிறார். மை டாக்குமென்ட்ஸ் கூட வைத்திருக்கிறார். வாசல் வழியாக அனுப்பிய விண்டோஸ், கொல்லைப்புறமாக வந்து குடித்தனமே நடத்துகிறது! சேமித்த ஆட்டமும் பல நேரம் அந்த டாக்குமென்ட்ஸில்தான் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போகும்.

வாங்கும் முன்பே பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். எந்த கேம் எப்படி ஓடும் என்று சொல்லும் புரோட்டான்டிபி தளத்தில் தங்கத் தரம் போட்டிருந்தது. பிளாட்டினம் என்றால் அப்படியே ஓடும்; தங்கம் என்றால் சில திருத்தங்களுக்குப் பிறகு ஓடும். அதாவது செய்கூலி, சேதாரம் தனி.

ஒருநாள் ராத்திரி ஓடியது. கார் வந்தது, சத்தம் வந்தது, மே மாத வெயிலில் வேலூர்க் கோட்டை மதிலைத் தொட்ட மாதிரி கணினியும் சுட்டது. அப்போதுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. ஓடாத கேமைத் தலைமுழுகிவிடலாம். எதனால் ஓடுகிறது என்று தெரியாத கேமை என்ன செய்வது? அந்த லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் இருப்பவற்றில் ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்றதெல்லாம் கூட்டத்தோடு நிற்கிறது. எது என்று எடுத்துப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. இப்போது நான் கார் ஓட்டுவதில்லை, காவல் காக்கிறேன்.

வாணியம்பாடியிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் ஜாலியாக ரேஸ் ஓட்டிவிட்டு, “மாமா, ஏதோ அப்டேட் வந்திருக்கு, போட்டுடட்டா?” என்றான்.

“டேய், பிரியாணி வேணுமா, சொல்லு, பெருசாவே வாங்கித் தரேன். அந்த பட்டன்கிட்ட மட்டும் கையைக் கொண்டு போகாதே!”