தக்காணப் பீடபூமியில் இடக்கால் நனைதல்: ஓர் ஆய்வு

வண்டி ஏ.சி.யில் கம்ப்ரெசர், கண்டென்சர், கூலிங் காயில் மூன்றும் பேருறுப்புகள், காயிலுக்கு அடியிலிருந்து தண்ணீரை வெளியே விடும் விரல் தடிமன் ரப்பர் குழாய் வெறும் சில்லறைச் சாமான் என்றொரு கொள்கை மெக்கானிக் உலகில் நெடுங்காலமாக நிலவுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. வடிகுழாயே தலைமை உறுப்பு. மற்றவை அதற்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுக்கும் ஏவலாட்கள் என்பதே நம் துணிபு.

சான்று வரலாற்றில் இருக்கிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக ஏ.சி.யை வடிவமைத்தபோது யாருக்கும் குளிரூட்டுவது நோக்கமன்று. ஈரக் காற்றில் தாள் விரிந்து சுருங்கியதால் வண்ண மை இடம் தவறி விழுந்தது. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்துத் தரச் சொன்னார்கள், தந்தார். ஆக, ஏ.சி.யின் முதற்பயன் தண்ணீர், குளிர்ச்சி உபரி என்பது பெறப்படும்.

ஆய்வுக்களம் ஐதராபாத். ஆய்வுப்பொருள் ஒரு பழைய டபுள் கேபின் பிக்கப். எவ்வளவு பழையது என்றறிய இந்நகரில் கார்பன் சோதனை வேண்டாம், நம்பர் பிளேட்டே கல்வெட்டு. டி.ஜி. என்றிருந்தால் 2024 மார்ச்சுக்குப் பின், டி.எஸ். என்றிருந்தால் 2014 ஜூனுக்குப் பின், ஏ.பி. என்றிருந்தால் (விஜயவாடாவிலிருந்து வந்த விருந்தாளி நீங்கலாக) ஒன்றுபட்ட ஆந்திரப் பேரரசுக் காலத்தது. நம்முடையது ஏ.பி. 09 மரபு. கேபின் ஃபில்டர் என்ற நாகரிகம் அவ்வண்டியை எட்டவில்லை. குல்மொஹர் மரத்தடியில் நிறுத்தினால், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள சல்லடை வழியே சிற்றிலைகள் நேரே காயிலுக்குப் போகும். வேம்பு பூக்கும் காலத்தில் பூவும் போகும்.

இனி இவ்வாய்வின் மையப் புதிர். மே மாதத்தில் வெயில் நாற்பதைத் தொடும், ஏ.சி. மூச்சு முட்ட ஓடும், குழாய் அடைத்திருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. ஜூலையில் மழை வந்து ஊரே குளிர்ந்தபின் வண்டிக்குள் வெள்ளம். ஏன்? 40 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 20 சதவீதமானால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10 கிராம் நீராவி இருக்கும். 28 டிகிரியில் 80 சதவீதமானால் ஏறத்தாழ 22 கிராம். காயிலைத் தாண்டி 8 டிகிரியில் வெளிவரும் காற்றால் 8 கிராமுக்கு மேல் சுமக்க முடியாது. மீதி காயிலில் படிந்து தட்டில் இறங்கியாக வேண்டும்: மே மாதத்தில் 2 கிராம், ஜூலையில் 14. சென்னையில் கடற்காற்று குழாயை ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கும். கடலுக்குத் தொலைவில், 500 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஐதராபாத்தில் அடைப்பு கோடை முழுக்க ஒளிந்திருந்து மழையோடு வெளிப்படும்.

கண்டுபிடிப்பு தாமதமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம், ஏ.சி. காயிலும் தண்ணீர்த் தட்டும் பெரும்பாலும் இடப்பக்கம். எனவே வண்டியின் உடைமையாளர் நனைவதே இல்லை.

“என்னங்க, கால் எல்லாம் ஈரமா இருக்கு.”

“வாட்டர் பாட்டில் மூடியைச் சரியா மூடும்மா.”

வலப்பக்கத் திருப்பம் ஒவ்வொன்றிலும் தட்டில் நிற்கும் தண்ணீர் இடப்பக்கம் சாய்ந்து கொட்டும். பாட்டில் கொள்கை கார்ப்பெட் நாறத் தொடங்கும் வரை செல்வாக்கோடு இருக்கும்.

அதன்பின் மெக்கானிக். அவர் வாயிலிருந்து முதலில் வரும் தீர்ப்பு, “கேஸ் கம்தி ஹே, சாப்.” இதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. கேஸ் குறைந்தால் காயிலில் பனி கட்டி, பிறகு உருகி வழிவதுண்டு. ஆனால் அப்போது குளிரும் குறையும். குளிர் குறையாமல் கால் மட்டும் நனைந்தால் குழாயே குற்றவாளி என்க. தண்ணீரில் நிறமும் வழவழப்பும் இருந்தால் அது கூலன்ட். வழக்கு ஹீட்டர் காயிலுக்கு மாற்றப்படும்.

நிவாரணத்தில் மூன்று மதங்கள் உள. கம்பி மதத்தார் கீழிருந்து கம்பி விட்டுக் குத்துவர். விறைத்த கம்பி காயிலின் அலுமினியத்தைத் துளைத்தால் டேஷ்போர்டையே கழற்ற நேரும். ஊது மதத்தார் பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிப்பர். அதில் குழாயே தட்டிலிருந்து கழன்றுகொள்வதுண்டு, சேறும் மேலேறிக் காயிலில் அப்பும். உறிஞ்சு மதத்தார் தண்ணீரிழுக்கும் வேக்குவம் கிளீனரைக் குழாய் வாயில் வைப்பர். (அம்மதத்தில் வாயாலேயே உறிஞ்சும் பழைய கிளையும் உண்டு, பெட்ரோல் உறிஞ்சிப் பழகியவர்கள்.) முதலில் உறிஞ்சுதல், மசியாவிட்டால் வளைந்து கொடுக்கும் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளை மெதுவாகத் திருகுதல் என்பது நாம் ஏற்கும் நெறி.

குழாய் இடப்பக்கம், எஞ்சின் அறையின் பின்சுவரிலிருந்து கீழ்நோக்கி வளைந்து தொங்கும். பூச்சி நுழையாதிருக்க அதன் வாயைக் கீறல் போல ஒடுக்கியிருப்பார்கள். மண் இறுகுவதும் அங்கேதான். இரு விரலால் பிதுக்கினால் முதலில் ஒரு சொட்டு. பின்பு கரிய சேற்றுக் கட்டி, அதில் நிறம் மாறியும் வடிவம் குலையாத குல்மொஹர் இலைகள். அப்புறம் தட்டில் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில், அடியில் படுத்திருப்பவரின் முழங்கை வழியாக அக்குள் வரை. தப்பியவர் எவருமிலர்.

தண்ணீருக்கு வழி விடாவிட்டால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குத் தெரியாத பாடமில்லை. 1908 செப்டம்பர் 28 மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பின் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்து, 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர் என இரு நீர்த்தேக்கங்களைக் கட்டி முடித்த நகரம். நாலாக்கள் எனப்படும் வடிகால்களையும் ஏரிகளையும் மீட்க 2024-இல் ‘ஹைட்ரா’ என்று தனி அமைப்பே வந்துவிட்டது. பிக்கப்பின் நாலா மட்டும் எவர் அதிகார வரம்பிலும் இல்லை.

விஷயம் இனி பெரிதாகும். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் ஒவ்வொன்றின் ஓட்டுநர் அறைக்கும் ஏ.சி. கட்டாயம் என்று ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. நெடுஞ்சாலை வெக்கையில் வெந்தவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. அந்த லாரிகளும் பழசாகி ஐதராபாத்தின் ஹயத்நகர் வழியே வரும் நாளில், இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கிளீனர். அவர் காலும் அவர் சுருட்டி வைத்த படுக்கையும் நனையும். ஓட்டுநர் பாட்டில் மூடியைப் பற்றிப் பேசுவார்.

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மழை விழுந்ததும் ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இறங்கி வண்டிக்கு அடியில் பாருங்கள். இடப்பக்கம் சொட்டவில்லையென்றால் உள்ளே இருக்கும் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். கேஸ் போடக் காசு எடுப்பது அதற்கப்புறம்.